பச்சைப் புள்ளி அழியக் கூடாது

எனக்கு இருந்தது ஒரு நோய் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் கோழிகள்தான்.

வெண்ணந்தூர்ப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. வீடும் அதை ஒட்டியே. பண்ணை வாசலில் ஒரு சிமெண்ட் தொட்டி, அதில் ஊதா நிறத்தில் மருந்துத் தண்ணீர். முட்டை லாரி ஓட்டுநராக இருந்தாலும் சம்பந்தியாக இருந்தாலும் அதில் கால் நனைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வண்டி என்றால் சக்கரத்துக்கு மருந்து அடிப்போம். ஒரு கோழிக்குச் சீக்கு வந்தால் கொட்டகையே காலியாகிவிடும் என்பதால் எங்கள் பக்கத்தில் இதை யாரும் கேலி செய்வதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு, ஒரு தடவை கழுவ வேண்டிய கையைப் பத்துத் தடவை கழுவுகிற மருமகள் வந்தால் என்ன ஆகும்? பதவி உயர்வு கிடைக்கும். கல்யாணமான மூன்றாம் மாதம் தொட்டியின் பொறுப்பை மாமியார் என்னிடம் ஒப்படைத்தார்.

நான் வேதியியல் படித்தவள். ஊதாத் தண்ணீர் பழுப்பானால் அதன் வேலை முடிந்தது என்று தெரியும். அது பழுப்பாக எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் ஏறக்குறையத் தெரியும். இருந்தும், பழுப்பாகிறதோ என்ற சந்தேகம் வந்த உடனேயே கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்பேன். ஒரு நாளில் ஐந்து தடவை கலந்திருக்கிறேன். மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

"என்ற மருமவ வந்ததுக்கப்பறம் பண்ணையில ஒரு சீக்கு வந்ததில்லீங்க. அவ கண்ணுக்குக் கிருமி தெரியுமாட்ட இருக்குதுங்க."

தெரிந்தது உண்மைதான். இல்லாத கிருமியும் சேர்த்துத் தெரிந்தது.

மகள் பிறந்த பிறகு அந்தப் பயம் பண்ணையிலிருந்து வீட்டுக்குள் வந்துவிட்டது. கோழி எச்சத்தில் இருக்கிற ஏதோ ஒன்று என் நகக்கண் வழியாக அவள் வாய்க்குள் போய்விடும் என்று ஓர் எண்ணம். கழுவினால் போகும். துண்டால் துடைக்கும்போது திரும்ப வரும், ஏனென்றால் துண்டு சுத்தமா என்று யாருக்குத் தெரியும்? என் கையால் அவளுக்கு ஒரு வாய் சோறு ஊட்டியதில்லை. எல்லாமே ஸ்பூன்தான், அதுவும் கொதிக்க வைத்த ஸ்பூன். அவளுக்கு மூன்றரை வயது இருக்கும்போது ஒரு கெடா விருந்துக்குப் போனோம். அங்கே ஒரு பெண் தன் பிள்ளைக்குச் சோற்றை உருட்டி உருட்டி ஊட்டுவதை என் மகள் கண் கொட்டாமல் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"அம்மா, எனக்கும் கையில குடு."

"ஸ்பூன்ல சாப்பிடற பாப்பாதான் சமத்துப் பாப்பா."

"அப்ப நான் சமத்தில்ல. கையில குடு."

கொடுக்கவில்லை. மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும். நான் ஒரு நாளைக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அவளுக்கு ஒரு வாய் ஊட்ட முடியுமா என்பதுதான் அதற்குப் பிறகு வந்த ஒன்றரை வருடமும் என் முன்னால் இருந்த ஒரே கேள்வி. மற்றதெல்லாம் அதைச் சுற்றி நான் போட்ட கூத்து.

என் விரல் இடுக்குகள் வெடித்து ரத்தம் கசிந்ததைப் பார்த்த கணவர் என்னைச் சேலத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். மாத்திரை எழுதினார், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்றார். கூடவே ஒரு பயிற்சியும் சொன்னார். பயம் வருகிற பொருளைத் தொட வேண்டும், கழுவாமல் இருக்க வேண்டும், பயம் தானாகக் குறைகிற வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

மாத்திரையை வாங்கிக்கொண்டேன். பயிற்சியை வாங்கவில்லை. கழுவாமல் உட்கார்ந்திருப்பதா? அதற்கு வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் மாமியாரும் என் கட்சிதான்.

"சுத்தமா இருக்கறது ஒரு சீக்காம்மிணி? அந்த டாக்டரம்மாவ ஒரு நாள் நம்ம கொட்டாய்க்குக் கூட்டியா. அஞ்சாயிரம் கோழிய வெச்சுக்கிட்டுக் கை கழுவாம இருந்து காட்டட்டும்."

எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. கையில் செல்போன் இருந்தது, மாத்திரையின் பக்கவிளைவுகளையெல்லாம் படித்தேன், பயம் கூடியது. மாத்திரையைப் போட்டுக்கொண்டே, பக்கவிளைவே இல்லாத வைத்தியம் என்று தேடினேன். சேலம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட வைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை.

முதலில் அம்மாபேட்டை. தறிச் சத்தம் கேட்கிற ஒரு தெருவில், மாடி அறையில் ஒருவர் விரல்களில் கலர் பேனாவால் புள்ளி வைத்துக் குணப்படுத்துகிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் நாடி பிடித்தார். கண்ணை மூடினார். என் வலது மோதிர விரலின் நடுக் கணுவில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஒரே ஒரு புள்ளி வைத்தார்.

"அவ்வளவுதாங்களா?" என்றேன்.

"அவ்வளவுதான். ஆனா அழியாம பாத்துக்கணும்."

வீடு வரும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்ததும் கை நின்றது. கழுவினால் புள்ளி அழியும். அழிந்தால் வைத்தியம் கெடும். கழுவாவிட்டால் கிருமி. இரண்டு பயம் ஒன்றோடு ஒன்று மோதி, வாழ்க்கையில் முதல்முறையாகக் கிருமி தோற்றது. அன்று மூன்று தடவைதான் கழுவினேன், அதுவும் மோதிர விரலை மட்டும் ஆகாயத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு. மறுநாள் இரண்டே தடவை. மாமியார் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்கெட்சு பேனாவுல இவ்வளவு இருக்குதா? நம்ம பாப்பா பையில பன்னெண்டு கலரு கெடக்குது பாரு."

அந்தப் பை பற்றி அவர் நினைவூட்டியிருக்க வேண்டாம். மூன்றாம் நாள் புள்ளி மங்கியது. மகளின் பச்சைப் பேனாவை எடுத்து அதன் மேலேயே வைத்தேன். அது அதே இடமா? அவர் வைத்தது இளம்பச்சையா, கரும்பச்சையா? அழித்துவிட்டு மறுபடி வைத்தேன். அழிப்பதற்குக் கழுவ வேண்டும். கழுவினால் காய வேண்டும். காய்ந்தால்தான் பேனா பிடிக்கும். அன்று மாலைக்குள் பதினோரு தடவை புள்ளி வைத்து, பதினோரு தடவை கழுவியிருந்தேன். பழைய வேலை போதாதென்று புது வேலையும் சேர்ந்துகொண்டது.

மகள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வண்டியில் ஏற்ற வைத்திருந்த ஓர் அட்டை முட்டைக்கு, முப்பதுக்கும், தலையில் ஒவ்வொரு பச்சைப் புள்ளி வைத்துவிட்டாள். லாரி ஓட்டுநர் என் கணவரிடம் கேட்டார்.

"ஏனுங்க, இது நாட்டுக்கோழி முட்டைன்னு விக்கறக்கு அடையாளமுங்களா?"

"இல்லீங்க, அதுகளுக்கு மனசு செரியில்ல. வைத்தியம் நடக்குது" என்றார் கணவர். இரண்டு நாள் நான் அவரிடம் பேசவில்லை.

அடுத்தது சேலம் ஃபேர்லேண்ட்ஸில், குளிரூட்டிய அறையில், பூக்களிலிருந்து எடுத்த சொட்டு மருந்து கொடுக்கிற ஓர் அம்மா. இவரைப் பற்றி எனக்குக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு மணி நேரம் என்னைப் பேசவிட்டார். எப்போது தொடங்கியது, எதற்குப் பயம், இருட்டில் பயமா வெளிச்சத்தில் பயமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் அழுதேன். தண்ணீர் கொடுத்தார். வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. அது பூவின் வேலை என்று அன்று நம்பினேன். அப்போது மருந்தை ஒரு சொட்டுகூட வாயில் விட்டிருக்கவில்லை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது.

நாக்கில் நான்கு சொட்டு, ஒரு நாளைக்கு நான்கு வேளை. எண்ணிச் செய்ய வேண்டிய எந்த வேலையையும் என்னைப் போன்றவளிடம் கொடுக்கக் கூடாது. மூன்றாவது சொட்டு பாதியாக விழுந்ததோ? அப்படியென்றால் கணக்கு மூன்றரையா? முதலிலிருந்து தொடங்கினேன். பல்கலைக்கழகத்தில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்த்தவள் நான். இந்தக் குப்பியில் தண்ணீரும் கொஞ்சம் சாராயமும் தவிர அளக்கிற அளவுக்கு எதுவும் இருக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே எண்ணினேன். ஒரு மாதக் குப்பி ஐந்து நாளில் தீர்ந்தது. போன் செய்து சொன்னேன்.

"ரொம்ப நல்லதுங்க. உடம்பு நல்லா ஏத்துக்குது" என்றார்.

மூன்றாவது ஆள் எங்களைத் தேடியே வந்தார். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அனுப்பி வைத்தது. மணிக்கட்டில் ஒரே ஒரு இடத்தைத் தொட்டால் எந்த நோயும் போய்விடும் என்பது அவர் கொள்கை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார். வாசலில் அவர் கார்ச் சக்கரத்துக்கு மருந்து அடிக்க வைத்து, தொட்டியில் கால் நனைக்க வைத்தேன். வேட்டியைத் தூக்கிப் பிடிக்க மறந்துவிட்டார். கரை ஊதாவாகி, காபி குடித்து முடிப்பதற்குள் பழுப்பானது. மாமியார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உலகத்துல கிருமின்னே ஒண்ணு கிடையாதும்மா" என்றார் அவர், என் மணிக்கட்டைத் தொட்டபடி. "எல்லாம் வியாபாரம். அந்த மாத்திரைதான் உனக்கு விஷம். இன்னைக்கே நிறுத்திடு."

மாமியார் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"கிருமியே இல்லீங்களா?"

"இல்லீங்கம்மா."

"அப்ப போன வருசம் பக்கத்துப் பண்ணையில ஒரு கொட்டாய் கோழி செத்துதுங்களே, அதுக என்ன மனசு ஒடஞ்சா செத்துதுங்க?"

அவர் பதில் சொல்லத் தொடங்கினார். மாமியார் எழுந்து, "கார்ல போறப்ப தொட்டிய மிதிக்க வேண்டாமுங்க. வேட்டி போச்சு" என்று வழியனுப்பிவிட்டார். மாற்று வைத்தியம் பற்றி எங்கள் வீட்டில் நடந்த ஒரே விவாதம் அதுதான். வென்றது கோழிகள்.

ஆனால் நான் அதற்குள் தோற்றிருந்தேன். மருத்துவர் கொடுத்த மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யத் தொடங்கியிருந்த நேரம். வெள்ளை வேட்டிக்காரர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக, யாரிடமும் சொல்லாமல், மருத்துவரிடமும் கேட்காமல், நிறுத்திவிட்டேன். பத்து நாள் ஆனது. தலை சுற்றியது, எரிச்சல் வந்தது, குழாயை மூடவே முடியவில்லை.

பதினோராவது நாள் மதியம் மகள் தீவனக் கொட்டகை அருகே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். அழுதுகொண்டே என்னை நோக்கி ஓடி வந்தாள். இரண்டடி தூரத்தில் தானாக நின்றாள். மூக்கு ஒழுக, முட்டியில் ரத்தம் வர, கேட்டாள்.

"அம்மா, நான் கழுவிட்டு வரட்டா? அப்பறம் தூக்கறயா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் நொண்டிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினாள். முட்டியைக் கழுவ மறந்துவிட்டாள்.

மறுநாளே சேலத்துக்குப் போனேன். மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னேன். மருத்துவர் திட்டவில்லை. இனி எதை நிறுத்துவதாக இருந்தாலும் ஒரு போன் செய்யச் சொன்னார். மற்ற வைத்தியங்களைப் பற்றியும் கேட்டார். நான் விரலைத் தூக்கிக்கொண்டு கை கழுவிய கதையை வேடிக்கையாகச் சொன்னேன். சிரித்துவிட்டு, எழுதுவதை நிறுத்தினார்.

"அந்த ரெண்டு நாள் பழையபடி கழுவாம இருந்தீங்க இல்ல?"

"ஆமாங்க."

"என்ன ஆச்சு?"

யோசித்தேன். ஒன்றும் ஆகவில்லை. மகள் நன்றாக இருந்தாள், கோழிகள் நன்றாக இருந்தன. முதல் நாள் நெஞ்சு அடித்துக்கொண்டது, இரண்டாம் நாள் குறைந்தது.

"நான் சொன்ன பயிற்சி அதுதாங்க. தெரியாமலே ரெண்டு நாள் செஞ்சிருக்கீங்க. இனி புள்ளி இல்லாம செய்யலாம்."

அம்மாபேட்டைக்காரருக்கு நன்றி சொல்ல வேண்டுமா கூடாதா என்பது எனக்கு இன்னும் முடிவாகவில்லை. அவர் புள்ளி வைத்தது எதற்கோ, உதவியது வேறு எதுவோ. ஆனால் புள்ளியைக் காப்பாற்றுவதே வேலையானபோது அதுவும் என் நோயோடு சேர்ந்துகொண்டது. சொட்டும் அப்படித்தான். என் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் அதை ஒரு சடங்காக மாற்றிக்கொள்ளும். சடங்கைப் பிடுங்குகிற வைத்தியம்தான் எனக்கு வேலை செய்தது, அது மட்டும்தான் பிடிக்கவே இல்லை.

மருத்துவர் சொன்னபடி தொட்டியின் பொறுப்பு என்னிடமிருந்து பறிக்கப்பட்டது. எல்லோரையும் போல ஒரு தடவை கால் நனைக்கலாம், ஒரு தடவை கை கழுவலாம், அவ்வளவுதான். இன்னொரு விதி வீட்டாருக்கு: "சுத்தமா இருக்குதா?" என்று நான் கேட்டால் யாரும் ஆறுதல் சொல்லக் கூடாது. கணவர் வானிலை அறிக்கை போல, "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்பார். மாமியாருக்கு அதுவும் வரவில்லை. இத்தனை வருடம் பெருமை பேசிய வாய்.

"அத்தை, என் கை சுத்தமா இருக்குதுங்களா?"

"எனக்கென்ன தெரியும் சாமி, கோழியக் கேளு."

முதலில் பண்ணைக் கதவைத் தொட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். பிறகு முட்டை அட்டையை. அதற்குப் பிறகு மகளின் கன்னத்தை. ஒவ்வொன்றுக்கும் பல நாட்கள் ஆயின. நடுவில் இரண்டு தடவை ஏமாற்றினேன், புடவைத் தலைப்பில் ரகசியமாகத் துடைத்து.

போன மாதம் ஒரு மதியம், ஒரே ஒரு தடவை கை கழுவிவிட்டு, பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்தேன். மகள் தட்டைப் பார்த்தாள், ஸ்பூனைத் தேடினாள், இல்லை. உருண்டை பிடித்தேன். நகக்கண்ணில் ஏதோ இருக்கிறது என்று மனசு சொன்னது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அடுப்படியில் மாமியார் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. மகள் வாயைத் திறந்தாள். வைத்தேன்.

மென்றாள். யோசித்தாள்.

"ஸ்பூனே நல்லாருக்குது. கையில நெய்யி ஒழுவுது."

ஒன்றரை வருடம், மூன்று வைத்தியர்கள், ஒரு பாழான வேட்டி. அடுப்படியிலிருந்து மாமியார் சிரிப்பது கேட்டது.

"வாயத் தெற" என்றேன்.

முகத்தைச் சுளித்தபடியே திறந்தாள். இரண்டாவதும் கொடுத்தேன், மூன்றாவதும். அதற்கு மேல் எண்ணவில்லை. அன்று சாயங்காலம் வரை மனசில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது: உருண்டையைக் கொஞ்சம் பெரிதாகப் பிடித்துவிட்டேனோ?