கெங் அத்தை எழுதித் தந்த பிறந்தநாள்

செய்தி வந்தபோது காலை பத்தே கால். லான், தான் வேலை செய்யும் மழலையர் பள்ளியின் முற்றத்தில் ஏழு குழந்தைகளுக்கும் பத்தொன்பது முதியவர்களுக்கும் சேர்த்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் அந்தப் பள்ளியில் இருநூறு பிள்ளைகள் படித்தார்கள். சேர்க்கைக்கு ஆள் குறையக் குறைய, முதலாளி மாடியை முதியோர் இல்லமாக மாற்றிவிட்டார். கைகளைத் தூக்கி முயல் போலக் குதிக்கச் சொன்னால் குழந்தைகள் குதிப்பார்கள், முதியவர்கள் கைகளை முயல் காதாக மட்டும் ஆட்டிக்காட்டுவார்கள். சம்பளம் ஒன்றுதான்.

தொலைபேசியில் அக்கா மின்.

"கெங் அத்தை போயிட்டாங்கடி. காலைல கஞ்சியை அடுப்புல வச்சுட்டு ஸ்டூல்ல உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்லையாம். சாய் மாமா கஞ்சி தீஞ்ச வாசனை வந்து எட்டிப் பாத்திருக்காரு."

லானுக்கு முதலில் வாயில் வந்தது, "அந்தக் கடிதம் எழுதிட்டாங்களா?" என்பதுதான். கேட்டுவிட்டுத்தான் கூச்சப்பட்டாள்.

"நீ கிளம்பி வா. வந்து பாத்துக்கலாம்," என்றாள் மின்.

தாங்வான் ஊருக்குப் பேருந்தில் மூன்று மணி நேரம். வழியெல்லாம் லான் கெங் அத்தையை நினைத்துக்கொண்டு போனாள். அழுகை வர வேண்டிய இடங்களிலெல்லாம் சிரிப்பு வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் ஒரு முறை தன் சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

கெங் ஷியூமெய் முப்பது வருடம் தாங்வான் கிராமத்தின் மகளிர் பொறுப்பாளராக இருந்தவர். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்ற அரசு விதிப்படி பிறப்பைக் குறைப்பதுதான் வேலை. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரின் மாதவிலக்குத் தேதியும் அலுவலகச் சுவரில் அட்டவணையாகத் தொங்கும். மனைவி ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று தெரியாத கணவன்மார் உள்ளே வந்து அட்டவணையைப் பார்த்துவிட்டு, தலையாட்டிக்கொண்டு வெளியே போவார்கள். பதவிக்கு வருபவர் வீட்டிலிருந்தே முன்மாதிரி தொடங்க வேண்டும் என்பது விதி. அதனால் ஒரே மகனோடு நிறுத்திக்கொண்டு, கணவர் சாயைக் கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பிவைத்தார். அதற்குப் பரிசாக வந்த பீங்கான் பூச்சு முகம் கழுவும் பேசினில் சிவப்பு எழுத்தில் 'பெருமைக்குரியவர்' என்று எழுதியிருந்தது. சாய் மாமா அதில் நாற்பது வருடம் கால் கழுவினார்.

மேலிடத்திலிருந்து சோதனைக் குழு வருவது முதல் நாளே கெங் அத்தைக்குத் தெரிந்துவிடும். உடனே ஊர் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்: "நாளைக்குக் கால்நடை மருத்துவர் வர்றார். வாத்து வச்சிருக்கிறவங்க கவனமா இருந்துக்கங்க." வயிறு தள்ளிய பெண்களெல்லாம் விடியும்முன் மலைக்காட்டுக்குப் போய்விடுவார்கள். வாத்தே வளர்க்காத வீட்டிலிருந்தும் ஆள் போகும். ஒரு முறை உண்மையாகவே கால்நடை மருத்துவர் வந்துவிட்டார். ஊசிப் பெட்டியோடு வந்தவரை வரவேற்க ஊரில் கிழவர்களும் வாத்துகளும்தான் இருந்தார்கள். அவர் கையெழுத்து வாங்க ஒரு பெண்ணைத் தேடி மலைப்பக்கம் நடக்க, அவரைக் கண்டு அவர்கள் இன்னும் மேலே ஏற, சாயங்காலம் மலை உச்சியில் ஒன்பது கர்ப்பிணிகளும் ஒரு மருத்துவரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். அவர் நல்ல மனிதர். வாத்துகளைப் பற்றி மட்டும் அறிக்கை எழுதினார்.

அந்த மலையில்தான் லான் பிறந்தாள். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணனுடைய காளான் கொட்டகையில், 1991 குளிர்காலத்தில். மூத்தது பெண்ணாக இருந்தால் நாலு வருடம் கழித்து இன்னொன்று பெறலாம் என்பது அப்போதைய சலுகை. அப்பா பியான் ஹூவால் நாலு வருடம் பொறுக்க முடியவில்லை. மின் பிறந்து பதினாலு மாதத்தில் லான் வந்துவிட்டாள். பிரசவம் பார்த்தது, அந்தப் பிரசவத்தைத் தடுக்க வேண்டிய கெங் அத்தைதான்.

அடுத்து நடந்த பேச்சை அம்மா பல தடவை சொல்லியிருக்கிறாள். பெரிய அபராதம் வரும், வீட்டுக் கூரையைக் கூடப் பிரித்துவிடுவார்கள் என்று பயந்த அப்பா, தயங்கித் தயங்கிச் சொன்னாராம்:

"அக்கா, தெற்குப் பக்கம் ஒரு தம்பதி கேட்டிருக்காங்க. பிள்ளை இல்லாதவங்க. நல்ல வசதியான இடம்."

"அவ்வளவு நல்ல இடம்னா நீ போய் இரு. மூத்தவளைப் பதிவு பண்ணியாச்சா?"

"இன்னும் இல்லக்கா. பதினோரு கிலோமீட்டர் நடக்கணும்ல. நிலம் பங்கு பிரிக்கிறப்போ சேத்துப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

"இன்னுமா போகல?"

"காலு வலிக்குதுக்கா."

"ஹூ, உன் சோம்பேறித்தனத்தால ஒரு உசுருக்கு நன்மை நடக்கப்போகுது. ஊர்ல சொன்னா நம்ப மாட்டாங்க."

இரட்டைக் குழந்தைக்கு அபராதம் கிடையாது. கெங் அத்தை, பிறப்புகளைப் பதியும் காவல் நிலையத்துக்குப் போய் இருவரையும் ஒரே நாளில் பிறந்தவர்களாகப் பதிவு செய்தார். சரிபார்க்க வந்த எழுத்தர், ஒருத்தி பிஸ்கட்டோடு முற்றத்தில் நடப்பதையும் இன்னொருத்தி துணியில் சுருண்டு கிடப்பதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுவும் அதுவும் ஒரே வயித்துலயா?"

"ஒரே வயிறுதான். பெரியவ பால் பூராத்தையும் குடிச்சுடறா. நான் என்ன பண்ண?"

எழுத்தருக்கு வீட்டில் மூன்று இருந்தன. முத்திரையைக் குத்திவிட்டார். அதன் பிறகுதான் அப்பாவுக்குக் கணக்குப் புரிந்தது. இரண்டு பிள்ளைகள் எழுதியாகிவிட்டதால் இனிச் சலுகை இல்லை.

"அக்கா, அப்ப எனக்குப் பையன்?"

"இவளைப் பையன்னு நெனச்சுக்கோ. முடியலன்னா உன்னைப் பொண்ணுன்னு நெனச்சுக்கோ. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

வழி தெரிந்ததும் ஊரே அதில் நடந்தது. பத்து வருடத்தில் நூற்று நாற்பது வீட்டுக்குப் பதினோரு ஜோடி இரட்டையர். ஒரு ஜோடியில் அண்ணன் மீசையோடும் தம்பி பால்பல்லோடும் இருந்தார்கள். மாவட்டத் தொலைக்காட்சி வந்து 'இரட்டையர் கிராமம்' என்று காட்டியது. நகரத்திலிருந்து ஆய்வாளர்கள் வந்து கிணற்று நீரை எட்டு பாட்டில்களில் எடுத்துப்போனார்கள். இரத்தமும் எடுக்க வேண்டும் என்றபோது, பன்னிரண்டாம் மாதம் இரத்தம் கொடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது, எங்கள் ஊர் வழக்கம் என்று கெங் அத்தை அந்த நிமிடமே ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். நீரில் விசேஷமாக ஒன்றும் இல்லை, மேலும் ஆராய வேண்டும் என்று அறிக்கை வந்தது. அப்படியும் புதுமணத் தம்பதிகள் கேன்களோடு வந்து நீர் பிடித்துப் போனார்கள். அவர்களில் ஒருத்திக்கு உண்மையாகவே இரட்டை பிறந்து, நன்றி சொல்ல மிட்டாய்ப் பெட்டி அனுப்பினாள். கெங் அத்தை அதைத் திறக்கவே பயந்தார்.

எல்லாம் சிரிப்புதான். ஆனால் லானுக்குப் பிறந்தநாள் இல்லை. மின்னின் நாளில் அம்மா ஆயுள் நீளட்டும் என்று ஒரே கிண்ணத்தில் நீள நூடுல்ஸ் போட்டு மேலே இரண்டு முட்டை வைப்பாள். ஒரு முனையிலிருந்து மின், மறு முனையிலிருந்து லான். ஐந்து வயது நிறையும்முன் ஆறு வயதுக்காரர்களோடு பள்ளியில் உட்கார்ந்து, வருடா வருடம் வகுப்பிலேயே குட்டையானவளாக முன்வரிசையில் நின்றாள். தன் உண்மையான நாள் எது என்று கேட்டால், காளான் கொட்டகையில் நாட்காட்டி இல்லை, முட்டைக்கோஸ் ஊறுகாய் போட்ட சமயம் என்பாள் அம்மா. இல்லை, என் புகையிலை நனைந்த அன்றைக்கு என்பார் அப்பா. இரண்டுக்கும் நடுவே மூன்று வாரம் இருந்தது.

பின்னால் காற்று திசை மாறியது. இரண்டு பெறலாம் என்றார்கள், பிறகு மூன்று என்றார்கள், பிறகு தயவுசெய்து பெறுங்கள் என்றார்கள். ஓய்வு பெற்றிருந்த கெங் அத்தையை, ஊர்ப் பெண்களுக்குப் பழக்கமான முகம் என்று மறுபடி கூப்பிட்டார்கள். அதே ஒலிபெருக்கி, அதே சுவர். இப்போது அவர் தெருவில் வருகிறார் என்றால் ஊரில் மிச்சமிருந்த நாலைந்து இளம் மருமகள்களும் பின்வாசல் வழியாக மலைக்குப் போனார்கள். எழுபது வயதில் அவரும் பின்னால் ஏறினார்.

போன கோடையில் லான் ஊருக்கு வந்தபோது அவளையும் பிடித்துவிட்டார்.

"கல்யாணமாகி ஆறு வருஷம். ஒண்ணே ஒண்ணு பெத்துக்கோடி. என் அட்டவணை காலியா கெடக்கு, பாக்கவே அசிங்கமா இருக்கு."

"அத்தை, நானே இன்னும் முறையாப் பொறக்கல. முதல்ல என் நாளை எனக்குக் குடுங்க, அப்புறம் பாக்கலாம்."

கெங் அத்தை சிரிக்கவில்லை. வயதைத் திருத்த வேண்டுமானால், பதிவு செய்தவரே கைப்பட எழுதிக் கைரேகை வைத்துக் கொடுக்க வேண்டும் என்று காவல் நிலையத்தில் சொல்லியிருந்தார்கள்.

"எழுதித் தரேன்," என்றார். "என் தலைக்குள்ள இருக்கு அந்த நாள்."

"இப்பவே சொல்லுங்களேன்."

"வாயால நான் நெறையச் சொல்லிட்டேன்டி. இதை எழுத்துல தரேன். வசந்த விழாவுக்கு வா, வாங்கிக்கோ."

அவர் இறந்தபோது வசந்த விழாப் புத்தாண்டுக்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது.

துக்க வீட்டில் ஊர் நிறைந்திருந்தது. பதினோரு ஜோடி இரட்டையரில் ஒன்பது ஜோடி வெளியூர்களிலிருந்து வந்திருந்தார்கள். கெங் அத்தையின் ஒரே மகனோடு கூடவே துக்கத்துக்கு வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு நின்றார்கள், ஒருவருக்கொருவர் ஒரு ஜாடையும் இல்லாமல். இரங்கல் படிக்க வந்த அதிகாரி பழைய கோப்பிலிருந்து தாளை எடுத்திருக்க வேண்டும். "பிறப்பைக் குறைக்கத் தன் வாழ்வையே…" என்று ஆரம்பித்து, நின்று, இருமி, "பிறப்பைப் பெருக்க…" என்று மாற்றி, எதிரே நின்ற பதினெட்டுப் பேரையும் பார்த்து, "பிறப்புக்காக உழைத்தவர்," என்று முடித்துக்கொண்டார். அப்பா ஹூ பின்வரிசையில் நின்று, யாரும் கேட்காத குரலில், "சரியாத்தான் சொன்னான்," என்றார்.

துக்க விருந்தில் டோஃபு பரிமாறிக்கொண்டிருந்தபோது சாய் மாமா லானை உள்ளே கூப்பிட்டார். மேசைமேல் கிராமக் குழுவின் தாள் ஒன்று, மைப்பெட்டி, மூடி திறந்த பேனா. பக்கத்தில் அந்தப் பேசின், சுத்தமாகக் கழுவி வைத்திருந்தது.

"மூணு நாளா எழுதினா. நாலு தடவை கிழிச்சுப் போட்டா. இது அஞ்சாவது," என்றார்.

கெங் அத்தையின் கையெழுத்து தடித்து, கட்டத்தை நிரப்பி இருந்தது. நான், கெங் ஷியூமெய், பியான் லான் என்ற குழந்தையை இரட்டையரில் ஒருத்தியாகப் பதிவு செய்தது பொய். அது என் பொய். பெற்றோருக்கு அதில் பங்கில்லை. அவள் தனியாக, தன் நேரத்தில் பிறந்தாள். நான் அருகில் இருந்தேன். நல்ல எடை. சத்தமாக அழுதாள், வாயைப் பொத்த வேண்டியதாயிற்று, அதற்கு வருந்துகிறேன்.

"அவங்களுக்கு நாள் தெரியும்னு சொன்னாங்களே, மாமா."

சாய் மாமா பேசினை நகர்த்தி வைத்தார். "அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சா. எழுத உக்காந்தப்புறம் என்கிட்ட கேக்கறா, குளிர்காலத்து நீளமான ராத்திரிக்கு முன்னாடியா பின்னாடியான்னு. எனக்கு எப்படித் தெரியும்? ஏதோ ஒண்ணைப் போடேன், யாரு பாக்கப் போறான்னேன். அந்தப் பொண்ணுக்கு ரெண்டாந்தடவையும் பொய்த் தேதி எழுத மாட்டேன்னுட்டா. காளான் கொட்டகைக்காரன் உசுரோட இருக்கான், வியாழக்கிழமை மலையேறிப் போய்க் கேக்கறேன்னு துணிப்பை எல்லாம் எடுத்து வச்சா."

கெங் அத்தை இறந்தது செவ்வாய்க்கிழமை.

துணிப்பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. உள்ளே ஒரு துண்டும், காளான்காரருக்குக் கொடுக்க ஒரு டப்பா தேயிலையும் இருந்தன. லான் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாள். ஆண்டு என்ற இடத்தில் 1991 என்று இருக்கிறது, மாதம் என்ற இடத்தில் 12. நாள் என்ற இடத்தில் பேனாவை வைத்து எடுத்த ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது.