விழுந்தால்தான் மருந்து

சுசீலாபாய் தூங்கிப் பார்த்தவர்கள் கழக்கூட்டம் என்ற ஊரில் நிறையப் பேர் உண்டு. அவர்களில் பாதிப் பேர் அவள் ஜெபிக்கிறாள் என்று நினைத்தார்கள், மீதிப் பேர் அவள் சோம்பேறி என்று நினைத்தார்கள். இரண்டு கூட்டமும் தவறு என்று தெரியப் பாதி ஆயுள் ஆனது.

ஐடி கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் அவள் சமையல்காரி. நின்றபடியே தூங்குவாள். தூங்கினாலும் கை நிற்காது. போட்ட உப்பைச் சாம்பாரில் மறுபடியும் போடும், வெட்டிய வெண்டைக்காயை இன்னும் பொடியாக வெட்டும். ஒருமுறை மீன் குழம்பில் ஹார்லிக்ஸ் விழுந்திருந்தது. அன்றைய குழம்பு நன்றாக இருந்ததாகச் சில பெண்கள் சொன்னதுதான் விசித்திரம்.

மற்றவர்கள் கண்ணை மூடினால் முதலில் இருட்டு, அப்புறம் வெகுநேரம் கழித்துக் கனவு. அவளுக்கு நடுவில் வாசற்படியே கிடையாது. இமை தொட்டதும் அந்தப் பக்கம் போய்விடுவாள். அங்கே தேசிய நெடுஞ்சாலை ஆறாக ஓடும். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஹாஸ்டல் பெண்கள் வரிசையாக மிதந்து வேலைக்குப் போவார்கள். பொன்முடி மலை ஒரு பூனையைப் போல வந்து ஹாஸ்டல் வாசலில் படுத்திருக்கும். அந்தப் பக்கத்தில்தான் அவள் சிரிப்பாள், வயிறு வலிக்க, நின்றுகொண்டே. நின்றுகொண்டு சிரிப்பதை வைத்துத்தான் அது கனவென்று அவளுக்குத் தெரியும். முழித்திருக்கும்போது சிரித்தால் விழுந்துவிடுவாள்.

இதை அவள் கண்டுபிடித்தது கல்யாணமான புதிதில், பாறசாலையில் ஒரு விருந்து வீட்டில். புருஷன் தாசையன் காதோடு காதாக ஏதோ தமாசு சொன்னார். அவள் சிரித்தாள். தாடை தொங்கியது, தலை சாய்ந்தது, முட்டு இரண்டும் துணியைப் போல மடங்கின. பந்தியில் அடுத்த இலையில் இருந்த பாயசத்தில் போய் உட்கார்ந்தாள். நினைவெல்லாம் தெளிவாக இருந்தது, விரலைத்தான் அசைக்க முடியவில்லை. சபைக்காரர்கள் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்றார்கள். பக்கத்து டாக்டர் ஃபிட்ஸ் என்று மாத்திரை எழுதினார். மாத்திரையால் விழுவது நிற்கவில்லை, தூக்கம் மட்டும் கூடியது.

ஆகவே சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். சிரிப்பு வரும்போலிருந்தால் ஹாஸ்டலின் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்ட நாளை நினைத்துக்கொள்வாள். அதற்கு முன்னால் நிற்கிற தமாசு உலகத்தில் இல்லை. ஊரில் அவளுக்குக் கடுகடுப்பானவள் என்று பெயர். அவளைப் போலச் சிரிப்பு எளிதாக வருகிற ஒருத்தி அந்த வட்டாரத்திலேயே கிடையாது என்பது தாசையனுக்கு மட்டும் தெரியும்.

தாசையன் கழக்கூட்டம் சந்திப்பில் வாழைக்குலை வியாபாரம் செய்பவர். அவர் பேச்சைக் கேட்டால் ஆட்கள் பேரம் பேச மறந்துபோவார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தால் பெரிய வெள்ளிக்கிழமை முகம். கடையில் செருப்பை விட்டு வருகிறவரைப் போலத் தமாசையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அவளைக் காயப்படுத்தாமல் இருக்க வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. அன்பில் விறைத்துப்போன குடித்தனம் என்று அதைச் சொல்லலாம்.

ஞாயிறு மாலைகளில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஞானாபாய் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். முதல் பாட்டு முடிவதற்குள் சுசீலாபாய் அந்தப் பக்கம் போய்விடுவாள். கண் திறந்ததும் கண்டதைச் சொல்லச் சொல்வார்கள், ஞானாபாய் டீச்சர் அர்த்தம் சொல்வார். நெடுஞ்சாலை ஆறானால் யாரோ ஒருவரின் மகனுக்கு விசா. மலை பூனையானால் வித்துராவில் இருக்கிற நிலத்தகராறு தீரும். சில சமயம் தீர்ந்தும் விட்டது. அந்தத் தரிசனங்களை நம்பாத ஒரே ஆள் அவற்றைக் கண்டவள்தான். பக்தி அதிகம் என்பதாலேயே நம்பவில்லை. கர்த்தர் தன்னிடம் ஏதாவது சொல்ல நினைத்தால் இன்னும் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்வார் என்று நினைத்தாள்.

ஹாஸ்டலில் சுமி என்றொரு பெண். மேனேஜர் நடப்பதைப் போல ஒருநாள் அடுக்களையில் நடந்து காட்டினாள். தொட்டியை நினைக்க நேரம் இல்லை. சுசீலாபாய் சப்பாத்தி மாவோடு தரையில் சரிந்தாள். சுமி அலறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்தபடி அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்ததும் கேட்டாள்.

“சேச்சி, நான் பேசினது எல்லாம் கேட்டுச்சா?”

“கேட்டுது மோளே. எல்லாம் கேட்டுது.”

“அப்போ இது ஃபிட்ஸ் அல்ல.”

அதற்கப்புறம் நகரத்திலுள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவு. இரவு முழுக்கத் தலையில் வயர் ஒட்டித் தூங்கவைத்தார்கள். மறுநாள் பகலில் ஏசி அறையில் இடைவெளி விட்டு விட்டு, தூங்குங்கள் என்றார்கள். பிறந்த நாள் முதல் தூங்காதே என்று திட்டு வாங்கியவளுக்கு அது புது அனுபவம். எல்லாத் தடவையும் படுத்த உடனே தூங்கினாள், தூங்கிய உடனே கனவு கண்டாள். வாழ்க்கையில் அவள் முதல் வகுப்பில் பாசான ஒரே பரீட்சை அது.

டாக்டர் ஸ்நேகா சின்ன வயதுக்காரி. நோய்க்கு நார்கோலெப்ஸி என்று பெயர் சொன்னாள். மூளையின் ஆழத்தில் ஒரு பிடி உயிரணுக்கள் உண்டு, ஒரெக்சின் என்ற ரசாயனத்தைச் சுரந்து விழிப்புக்கும் கனவுக்கும் நடுவிலுள்ள கதவைக் காவல் காப்பவை. சுசீலாபாய்க்கு அந்தக் காவல்காரர்கள் எப்போதோ போய்விட்டார்கள். கதவு இரண்டு பக்கமும் ஆடுகிறது. கனவு காணும்போது உடம்பு ஓடிவிடாதபடி தசைகள் தளர்ந்துபோவது எல்லாருக்கும் உண்டாம். அந்தத் தளர்ச்சிதான் சிரிப்பின் வழியாக அவளுடைய பகலுக்குள் வந்துவிடுகிறது. இதுவரை இருந்த மருந்துகள் தூக்கத்தைப் பிடித்துத் தள்ளின, அல்லது விழுவதைக் கொஞ்சம் தடுத்தன. காணாமல்போன ரசாயனத்தின் வேலையையே செய்கிற புது மாத்திரை ஒன்றை இப்போது பரிசோதிக்கிறார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது.

மருந்திடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டாள்.

“ஒரு தமாச நின்னுக்கிட்டே முழுசா கேக்கணும் டாக்டரே,” என்றாள் சுசீலாபாய்.

அந்தப் பரிசோதனையில் சேர்வதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. மாத்திரை தொடங்குமுன் இரண்டு வாரம் போனில் கணக்கு வைக்க வேண்டும், விழும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தி. அவளால் முடியாதபோது வீட்டுக்காரர் அழுத்தலாம். வாரத்துக்குச் சில தடவையாவது விழுகிறவர்களைத்தான் சேர்ப்பார்கள். ஒரு வாரம் கழித்து டாக்டர் போனைத் திறந்து பார்த்தாள். ஒன்றுமே இல்லை.

“சிரிக்கல்ல டாக்டரே. அதான் விழல்ல.”

“ஆன்ட்டி, விழாத ஆளுக்கு மருந்து குடுத்தா, மருந்து எதைக் குறைச்சுதுன்னு நான் எழுதுவேன்? இப்பிடியே போனா சேர்க்க முடியாது. பயந்து ஒளிஞ்சிருக்க வேண்டாம், சாதாரணமா இருங்க, அவ்வளவுதான்.”

பொய்க்குப் பொத்தானை அழுத்தினால் யாருக்கும் தெரியாது. அதை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. நினைத்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் தாசையன் குளித்து, சலவைச் சட்டை போட்டு, பெண் பார்க்க வந்தவரைப் போல எதிரில் உட்கார்ந்தார். தரையில் மெத்தை விரித்தாயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டு, கடையில் ஆட்களை உருட்டிவிடும் தமாசுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். வீட்டுக் காற்று பட்டதும் அவை மரண அறிவிப்பைப் போல ஆகிவிட்டன. அவள் மனசாரச் சிரிக்கப் பார்த்தாள். கழிவுநீர்த் தொட்டி கூப்பிடாமலே வந்து நின்றது. இத்தனை காலம் காப்பாற்றியது, இப்போது போ என்றால் போகவில்லை.

பழத்தோலில் வழுக்கி விழுவதாக ஒருநாள் நடித்தார். நடிப்பு உண்மையாகி இடுப்பு பிடித்துக்கொண்டது. மெத்தையில் அவர் குப்புறக் கிடக்க, அவள் தைலம் தேய்த்தாள்.

“சிரிப்பு வருதா பிள்ளே?”

“பாவமாத்தான் வருது.”

பாவத்துக்குப் பொத்தான் இல்லை. கடைசி ஞாயிறு நெருங்கியது. தாசையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஞானாபாய் டீச்சர் வீட்டுக்குப் போனார். எதையும் மறைக்கவில்லை. சிரிக்க வேண்டும், விழ வேண்டும், விழுந்தால்தான் மருந்து, மருந்து பலித்தால் கண்ட நேரத்தில் வருகிற கனவுகள் போய்விடும் என்றும் சொன்னார்.

“தரிசனமும் போயிருமா?”

“போயிரும் டீச்சர்.”

அந்தக் கூட்டத்துக்கு இருந்த ஒரே பெருமை அந்தத் தரிசனம்தான். ஆனாலும் டீச்சர், ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிவரச் சொன்னார்.

ஞானாபாய் டீச்சருக்கு நகைச்சுவை என்பது சுத்தமாகக் கிடையாது. அன்றைக்கு அது ஒரு பெரிய வரமாக இருந்தது. பெண்கள் வட்டமாக நின்றார்கள், நடுவில் பாய் விரித்து சுசீலாபாயை நிறுத்தினார்கள். கையில் போனோடு தாசையன் வாசலில் நின்றார். டீச்சர் கண்ணை மூடினார்.

“சர்வவல்லமையுள்ள பிதாவே, உம்முடைய அடியாளைச் சிரிக்கப் பண்ணும். சிரித்தது மட்டும் போதாது கர்த்தாவே, அவளைக் கீழே தள்ளும்.”

“ஆமென்,” என்றார்கள் எல்லாரும், கண்ணீர் மல்க.

“ஒருதரம் தள்ளி விட்டுவிடாதேயும். திரும்பத் திரும்பத் தள்ளும்.”

“இடுப்பு ஒடியாம, கர்த்தாவே,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சுசீலாபாயின் உதடு துடித்தது. அவசரமாகக் கழிவுநீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்கக் கூடாது என்று தெரிந்தும் பிடித்துக்கொண்டாள். ஆனால் அந்த ஜெபக்கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு விண்ணப்பம் ஒருமுறை ஜெபத்தில் ஏறிவிட்டால், காரியம் நடந்து முடிந்தாலும் இறங்காது. தொட்டி அடைத்துக்கொண்ட நாளில் அவளே கண்ணீரோடு சொல்லிய விண்ணப்பம் ஒன்று இருந்தது. டீச்சர் வழக்கப்படி அதற்கும் வந்து சேர்ந்தார்.

“ஹாஸ்டலிலுள்ள கழிவுநீர்த் தொட்டியையும் இதுபோலவே திறந்தருளும்.”

பிடித்திருந்த ஒரே பிடியும் போயிற்று. தாடை தொங்கியது, தலை சாய்ந்தது, முட்டு மடங்கியது. பாயில் ஒரு சேலை மடிப்பைப் போல மெதுவாக வந்து இறங்கினாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. உடம்பு எங்கோ தூரத்தில், யாரோ கழற்றி வைத்த சட்டையாகக் கிடந்தது. உள்ளே மட்டும் சிரிப்பு, வெளியே வர வாசல் இல்லாமல், கிணற்றில் விழுந்த நிலாவைப் போல ஆடிக்கொண்டிருந்தது. வாசலில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. தாசையன். அவர் சிரித்து அவள் கேட்டதே இல்லை. எழுந்து உட்கார்ந்தவள் அந்தச் சத்தத்துக்கு மறுபடியும் விழுந்தாள். அவர் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார்.

“என்ன தரிசனம் கண்டே பிள்ளே?” என்று டீச்சர் குனிந்து கேட்டார்.

“ஒண்ணும் காணல்ல டீச்சர்,” என்றாள், நாக்குத் திரும்பியதும். “ஒங்க ஜெபத்தத்தான் கேட்டேன்.”

அந்த வாரம் முழுக்க அந்த ஜெபம் நினைவுக்கு வந்தபோதெல்லாம் விழுந்தாள், அடுக்களையில், மாடிப்படியில், ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் சுமியின் தோளில். முந்தைய வாரங்களின் வெறுமையைச் சரிக்கட்டக் கெடுவை ஒரு வாரம் நீட்டியிருந்தார்கள். டாக்டர் போனைப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டாள். ஜெபம் பண்ணினோம் என்றாள் சுசீலாபாய். டாக்டர் அதை எந்தக் கட்டத்தில் பதிவது என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டாள்.

மாத்திரை தொடங்கியது. மருந்தா வெறும் மாவா, யாருக்கும் தெரியாது. சில வாரங்களில் நெடுஞ்சாலையில் ஆறு வற்றியது. லாரிகள் வெறும் லாரிகளாகப் போயின. பொன்முடி தன் இடத்துக்கே திரும்பிப் போய்விட்டது. அவளுக்குக் கொஞ்சம் துக்கமாகத்தான் இருந்தது. ஜெபக்கூட்டத்தில் முதல்முறையாகப் பிரசங்கம் முழுவதையும் கேட்டாள், மறு ஞாயிறும் கேட்டாள். இரண்டும் ஒன்றேதான் என்று கண்டுகொண்டாள். தரிசனம் நின்ற அன்றும் டீச்சர் அவளுக்குத்தான் முதல் சாயா கொடுத்தார்.

ஒரு காலையில் தாசையன் இட்லித் தட்டின் முன் கைகூப்பினார். முகம் ஞானாபாய் டீச்சரின் முகமாக மாறிற்று.

“கர்த்தாவே, இந்தச் சட்னி டப்பாவையும் இதுபோலவே திறந்தருளும்.”

அவள் சிரித்துவிட்டாள். கழுவுதொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தாடைக்காகக் காத்திருந்தாள், முட்டுக்காகக் காத்திருந்தாள். தாசையன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். சிரிப்பு வந்து, நிறைந்து, முடிந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள். பிடியை விட்டுப் பார்த்தாள். அப்போதும் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பயமாகிவிட்டது. நின்றுகொண்டு சிரிக்கிற இடம் அவளுக்கு ஒன்றுதான் தெரியும்.

“இஞ்ச பாருங்க. நான் முழிச்சா இருக்கேன்?”

தாசையன் நீட்டிய கையை மடக்கி, சாம்பாரில் ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். ரொம்ப நேரம் ருசி பார்த்தார்.

“உப்பு ஒருக்காதான் போட்டிருக்கே,” என்றார். “முழிச்சுத்தான் இருக்கே.”