ஒரு டம்ளர் தண்ணீர்

போன வாரம் பாலக்கோட்டில், மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கிணற்று மோட்டார் புகைந்துபோய்விட்டது. பொழுது போகட்டும் என்று செல்போனைத் திறந்தால், எங்கள் சபையின் வாட்ஸப் குரூப்பில் சண்டை. குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லுமா, வளர்ந்தபின் தண்ணீரில் மூழ்கி எடுப்பதுதான் செல்லுமா என்று. முப்பது வருஷமாக அதே கேள்வி, அதே வசனங்கள். ஒரு காலத்தில் நானே மூச்சுவிடாமல் ஒப்பித்தவைதான். மத்தியானத்துக்குள் மூன்று பேர் குரூப்பை விட்டு வெளியேறியிருந்தார்கள். படிக்கவே அலுப்பாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் காயிலுக்கு வார்னிஷ் ஊற்றினார். உங்களுக்கு அந்த வாசம் பிடிக்குமோ என்னவோ, எனக்குத் தலைவலி வரும். கூடவே இஸ்ரவேல் அண்ணன் ஞாபகமும் வரும். அவரும் காயில் கட்டுகிறவர்தான். ஞாயிற்றுக்கிழமை போட்டுவரும் வெள்ளைச் சட்டையிலும் அந்த வாசம் இருக்கும். பாடகர் குழுவில் அவர் பக்கத்தில் நின்று நாலைந்து வருஷம் பாடியிருக்கிறேன்.

சொந்த ஊர் கடத்தூர். வாத்தியார் வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்தபோது எனக்கு ஒரு ஆளையும் தெரியாது. பாடகர் குழுவில் சேர்த்துவிட்டவர் அவர். ஞாயிறு மதியச் சாப்பாடும் அவர் வீட்டில்தான். அவர் மனைவியை அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் இன்னொரு கரண்டி குழம்பு கேட்பேன்.

ஒரு கோடையில் அண்ணன் யாரிடமும் சொல்லாமல் ஒகேனக்கல் போய், ஆற்றில் மூழ்கி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு வந்தார்.

"சின்னதுல தலையில தெளிச்சது எனக்கு நெனப்பே இல்ல தம்பி. நானாத் தெரிஞ்சு ஒருக்கா எடுக்கணும்னு இருந்துச்சு."

அவ்வளவுதான் அவர் சொன்னது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அப்படியானால் எங்கப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தது வீணா என்று பாட்டுப் பயிற்சியில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது.

எங்கள் சபையில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை, மனஸ்தாபம் உள்ளவர்களில் ஒருவர் மற்றவர் வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வரவேண்டும். யார் சொன்னது சரி என்று தீர்க்கவேண்டியதில்லை. குடித்தால் போதும். மறுநாள் வாசலில் பாஸ்டர் ஐயா, "தண்ணி குடிச்சாச்சா?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்றால் அந்த மாதம் திருவிருந்து கிடையாது.

நானும் போனேன். சும்மா போகவில்லை. இருபத்துமூன்று வசனங்களை ஒரு முழுத் தாளில் எழுதி, ஓரத்தில் கோடு போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்? அண்ணி தண்ணீர் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தார்.

"மொதல்ல தண்ணியக் குடி தம்பி" என்றார் அண்ணன்.

"இதக் கேட்டுட்டு பதில் சொல்லுங்கண்ணா. அப்பறம் குடிக்கறேன்."

தாளைப் பிரித்து வாசித்தேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். பாதியில் ஒரே ஒரு தடவை, "நீ பரீச்ச பேப்பர் திருத்தற தம்பி. நான் பரீச்சயே எழுதலியே" என்றார். நான் நிறுத்தவில்லை. கடைசி வசனத்தை வாசித்துத் தாளை மடித்துப் பையில் வைத்தேன். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் எழுந்து வந்துவிட்டேன். பாதி வழியில்தான் தண்ணீர் ஞாபகம் வந்தது. திரும்பி நடந்தால் ஐந்து நிமிஷம். போகவில்லை.

மறுநாள் வாசலில் ஐயா கேட்டார்.

"குடிச்சாச்சுங்கய்யா" என்றேன்.

அண்ணன் அன்றைக்கு வரவில்லை. பிறகும் வரவில்லை. பென்னாகரம் ரோட்டில் ஒரு ஜெபவீட்டுக்குப் போகிறார் என்றார்கள். கடைவீதியில் பார்த்தால் தலையை மட்டும் அசைத்துக்கொள்வோம். அப்படியே வருஷங்கள் போய்விட்டன. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரும் போய்விட்டார்.

துக்கம் விசாரிக்கப் போனபோது அண்ணி சொன்னார்.

"அன்னிக்கு நீங்க போனப்பறம் டம்ளர எடுக்கப் போனேன் தம்பி. எடுக்காத, மறந்துட்டுப் போயிட்டான், வருவான்னாரு. காலைல சர்ச்சுக்குப் போற சட்டையப் போட்டுக்கிட்டு வாசப்படியிலயே ஒக்காந்திருந்தாரு. மணி அடிச்சப்பறந்தான் சட்டையக் கழட்டுனாரு. நானும் அப்பறந்தான் தண்ணியக் கொட்டுனேன்."

குடிச்சாச்சு என்று என்னைப் போல அவரால் சொல்ல முடியாது. அதனால் காத்திருந்திருக்கிறார். அந்த மணி அடிக்கும்போது நான் கோயில் வாசலில் நின்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணியிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

அந்த ஐயாவுக்குப் பின் வந்தவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அந்த வழக்கத்தை யாரும் தொடரவில்லை. வாட்ஸப் குரூப்பை விட்டு வெளியேறிய மூன்று பேரில் ஒருவர் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. சனிக்கிழமை அந்தப் பக்கம் ஒருவரும் போகவில்லை, நான் உட்பட. மறுநாள் திருவிருந்துக்கு எல்லாரும் வரிசையில் நின்றோம். குடிக்கவில்லை என்று உண்மையைச் சொல்ல நான் இப்போது தயாராகத்தான் இருக்கிறேன். வாசலில் நின்று கேட்கத்தான் யாருமில்லை.