சொல்லாமல் போகத் தெரியாதவர்

ஜப்பானின் வடக்கே பனியும் மீன் வாடையும் நிறைந்த ஒரு துறைமுக ஊரில் பிறந்து, டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் தமிழரான எங்களில் ஒருவராகவே வாழ்ந்து, நினையாத நேரத்தில் எங்களை விட்டுப் பிரிந்த அத்தானின் முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரை உங்கள் கைகளில் தருகிறோம். அவர் என் அக்காவின் கணவர். வீட்டில் ஒழுங்காகத் தமிழ் எழுதக்கூடியவள் நான்தான் என்று சொல்லி அக்கா இதை என் தலையில் கட்டிவிட்டார். எனக்கு உதைபந்தாட்டம் பிடிக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடித்தது அத்தானை மட்டும்தான்.

அத்தானின் தந்தையார் மீன்பிடிப் படகில் வேலை செய்தவர். குளிர்காலத்தில் ஊர் மைதானம் பனியில் புதைந்துவிடுமாம். பிள்ளைகளே பனியை வாரித் தள்ளிவிட்டு விளையாடுவார்களாம். அத்தான் கட்டையானவர். உயரம் காணாது என்று பெரிய கழகங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. அவர் பல்கலைக்கழக அணியில் விளையாடி, அங்கிருந்து இரண்டாம் பிரிவுக் கழகமொன்றில் இடப்பக்கப் பின்வரிசை ஆட்டக்காரராகச் சேர்ந்தார். சில பருவங்களின் பின் அந்தக் கழகமும் ஒப்பந்தத்தை நீடிக்கவில்லை. ஊரோடு ஒரு வேலையைப் பார்க்கும்படி தந்தையார் சொன்னபோது, வெளிநாட்டில் ஒருமுறை முயன்று பார்த்துவிடுகிறேன் என்று புறப்பட்டவர், தை மாதக் குளிரில் டென்மார்க்கின் யூலண்டுப் பகுதியில் வந்து இறங்கினார். இங்கிருந்த சிறிய தொழில்முறைக் கழகமொன்று அவரை ஆடவைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டது.

மைதானத்துக்குள் இறங்கும்போதும் வெளியேறும்போதும் அத்தான் கோட்டருகில் நின்று, மைதானத்தைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்து வணங்குவார். சிறுவயதிலிருந்தே அது அவருடைய பழக்கம். வென்றாலும் தோற்றாலும் அது தவறாது. தொடக்கத்தில் சிரித்த டேனிஷ் ரசிகர்கள், போகப்போக அவர் குனியும்போது தாங்களும் எழுந்து நின்று குனியத் தொடங்கினார்கள்.

அக்காவை அவர் சந்தித்தது பல் வைத்தியரிடத்தில். எதிரணிக்காரர் ஒருவரின் முழங்கை பட்டு முன்பல் உடைந்துபோய் வந்தார். அக்கா அங்கே உதவியாளர். பல்லைச் சரிசெய்துகொண்டு போனவர், பிறகு இல்லாத நோவுக்கெல்லாம் நேரம் கேட்டு வரத் தொடங்கினார். விடயம் வீட்டுக்கு வந்தபோது அப்பா கொதித்தார்.

"பந்தடிச்சுச் சாப்பிடுறவனை நம்பி எப்பிடிப் பிள்ளையைக் குடுக்கிறது?"

அத்தான் வாதாடவில்லை. ஞாயிறு தோறும் வந்தார். அம்மாவின் உறைப்புக் கறியைக் கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டார். அப்பாவோடு நின்று தோட்டம் கொத்தினார். அப்பா கதைக்காவிட்டாலும் அடுத்த ஞாயிறு வந்தார். அந்தப் பிடிவாதத்துக்கு முன்னால் அப்பாவால் நிற்க முடியவில்லை.

கலியாணத்துக்குப் பிறகு அம்மாதான் அவருக்குத் தமிழ் பழக்கினார். ஒரு வீட்டை விட்டு வெளிக்கிடும்போது "போறன்" என்று சொல்லக்கூடாது, போய்விட்டு வருகிறேன் என்ற பொருளில் "போட்டு வாறன்" என்றுதான் சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அத்தானுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. வாசலில் திரும்பி நின்று, குனிந்து, "போட்டு வாறன்" என்பார். வேலைக்குப் போகும்போதும் அதுதான், குப்பை கொட்டப் போகும்போதும் அதுதான்.

இந்தப் பழக்கம் கோல்டிங் நகரில் ஒரு செத்த வீட்டில் எங்களை மாட்டிவிட்டது. உறவினர் ஒருவரின் இறுதிக் கிரியை முடிந்து எல்லோரும் பேசாமல் எழும்பி வந்துகொண்டிருந்தோம். அத்தான் மட்டும் வாசலில் திரும்பி நின்று, குனிந்து, வீடு முழுக்கக் கேட்கும்படி "போட்டு வாறன்" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். காரில் ஏறியதும் அம்மா பிடித்துக்கொண்டார்.

"தம்பி, செத்த வீட்டில அப்பிடிச் சொல்லக்கூடாது. இப்பிடியொரு காரியத்துக்குத் திரும்பி வாறன் எண்டு ஆரும் சொல்லுவினமே? பேசாமல் எழும்பி வந்திட வேணும்."

"சொல்லாமல் எப்பிடி வாறது, மாமி?"

"அதுதான் எங்கட முறை."

"ஓம்" என்றார் அத்தான். ஆனால் வீடு வந்து சேரும்வரை அவர் முகம் தெளியவில்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில், மழையில் நடந்த ஓர் ஆட்டத்தில், அத்தானின் காலிலிருந்த சப்பாத்து புல்லில் இறுக, முழங்கால் திருகிப்போனது. தசைநார் அறுந்துவிட்டது. அவரைத் தூக்குப்படுக்கையில் கிடத்திக்கொண்டு போனார்கள். அம்புலன்ஸில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்.

"நான் சொல்லாமல் வந்திட்டன்."

நோவுக்குக் கொடுத்த மருந்தின் மயக்கத்தில் உளறுகிறார் என்றுதான் அக்கா நினைத்தார். அது உளறல் இல்லை; மைதானத்தை வணங்காமல் வந்ததைத்தான் சொன்னார். மருத்துவர்கள் சத்திரசிகிச்சை செய்தார்கள். நடக்கலாம், வேலை செய்யலாம், தொழிலாக விளையாடுவதை மறந்துவிடுங்கள் என்றார்கள். கழகத்துடனான ஒப்பந்தமும் அந்தப் பருவத்தோடு முடிந்தது. அத்தான் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். பிறகு, அதே மைதானத்தில் ஒருமுறை விளையாடிவிட்டு என் காலால் நடந்து வெளியே வரவேண்டும் என்றார்.

"ஒரு நாளைக்குப் போய் வடிவாக் கும்பிட்டிட்டு வாங்கோவன். ஆர் மறிக்கிறது?" என்று கேட்டார் அக்கா.

"விளையாடாமல் கும்பிட்டால் அது பொய்."

 தான் எந்த ஆளைக் கட்டியிருக்கிறார் என்பது அக்காவுக்குத் தெரியும்.

முதலில் அத்தான் ஜப்பானுக்குப் போனார். பழைய நண்பர் ஒருவர் பயிற்றுவித்த மூன்றாம் பிரிவு அணியில் ஒரு பருவம் இருந்தார். பாதி நாள் முழங்கால் வீங்கி, மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தார். பருவம் முடிந்ததும் அந்த மைதானத்தையும் வணங்கிவிட்டு அக்காவிடமும் தங்கள் சின்ன மகளிடமும் திரும்பி வந்தார். ஹோர்சன்ஸில் பண்டகசாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். கிரின்ஸ்டெட் பக்கத்தில் ஒரு சிறிய கழகம், சம்பளம் இல்லாமல் விளையாடுவதானால் வரச் சொன்னது. அங்கே போக நேரத்துக்கு பஸ் கிடையாது. அத்தானிடம் வாகன அனுமதிப்பத்திரமும் இல்லை. அக்காவுக்குப் பின்னேரங்களில் வேலை. ஆகவே முதியோர் இல்லத்தில் என் வேலை முடிந்த கையோடு, உதைபந்தாட்டம் பிடிக்காத நான்தான் அவரை ஏற்றி இறக்கினேன். வழியெல்லாம் அவர் காலை நீட்டி மடக்கிக்கொண்டே வருவார். நோவு அவர் முகத்தில் தெரியும்.

"அத்தான், உங்களுக்கு விசரே?"

"ஓம், தங்கச்சி."

பைத்தியம்தான் என்று இப்படி ஒத்துக்கொண்டுவிட்டு மறுபடியும் காலை மடக்குவார். எனக்குச் சில நாட்கள் எரிச்சலாக வரும். ஆனால் அவர் ஒரு நாள்கூட, இன்றைக்கு வேண்டாம், வண்டியைத் திருப்பு என்று சொன்னதில்லை.

கடைசியில் அந்த நாள் வந்தது. கோடை காலத்தில் பழைய கழகம் தன் மைதானத்தில் ஒரு பயிற்சி ஆட்டத்துக்கு இந்தச் சின்ன அணியை அழைத்தது. பார்க்க வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். அத்தானின் அணி படுதோல்வி. அவரை விட இளையவர்கள் அவரைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். அவர் விழுந்தார், எழும்பினார், முழு ஆட்டமும் ஆடினார். விசில் ஊதி எல்லோரும் உள்ளே போனபின், நொண்டிக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்து, திரும்பி நின்று, குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"போட்டு வாறன்!" என்று அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது. பழைய ரசிகர்கள் சிலர் எழுந்து குனிந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அப்பாவும் எழுந்து குனிந்தார். எனக்கு அழுகை வந்தது. வந்ததென்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அதன்பின் அத்தான் போட்டிகளில் விளையாடவில்லை. பெண்பிள்ளைகளின் அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுத்தார். மகளும் அதில் இருந்தாள். மைதானத்தை வணங்காமல் போகும் பிள்ளையை அவர் திருப்பிக் கூப்பிடுவார். அவை நல்ல ஆண்டுகள்.

போன மாதம் ஒரு காலை, வழமைபோல வாசலில் குனிந்துவிட்டு வேலைக்குப் போனவர், பண்டகசாலையில் மயங்கி விழுந்தார். மூளையில் இரத்தக் கசிவு. கண் விழிக்கவே இல்லை. "இந்த முறையும் தூக்கிக்கொண்டு போயிட்டாங்கள்" என்று அக்கா கதறினார். மகள் டேனிஷில், அப்பா கடைசியாக எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். 

இறுதிக் கிரியை முடிந்தது. எங்கள் முறைப்படி எல்லோரும் பேசாமல் எழும்பி வெளியேறத் தொடங்கினார்கள். அம்மா போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஒருத்தரும் பேசாமல் போகாதேங்கோ. என்ர மருமோனுக்குச் சொல்லாமல் போகத் தெரியாது. அவருக்கு இண்டைக்குச் சொல்ல ஏலாது. நீங்கள் சொல்லிப்போட்டுப் போங்கோ."

 ஊர்ப் பெரியவர்கள், பண்டகசாலை நண்பர்கள், பழைய ஆட்டக்காரர்கள், அத்தானிடம் பயிற்சி பெற்ற பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக வாசலில் திரும்பி நின்று, குனிந்து, தெரிந்த மொழியில் விடைபெற்றார்கள். பயணம் செய்ய முடியாத அத்தானின் பெற்றோர் ஜப்பானிலிருந்து கைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் எழுந்து குனிந்தார்கள்.

அத்தானைக் காக்கப் போராடிய மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், முதலுதவி செய்த வேலைத்தோழர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சமைத்துக் கொண்டுவந்து ஊட்டிய உறவுகளுக்கும், மலர்வளையம் வைத்த கழகங்களுக்கும், இன்று வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் இடுப்பு வளையக் குனிந்து நன்றி சொல்கிறோம். இப்படி நன்றி சொல்லப் பழக்கியது அவர்தான்.

போட்டு வாறம், அத்தான்.