ரேணுகாம்பாள் தெருமுனையில் போட்ட உரல்

ரேணுகாம்பாளிடம் வாய் கொடுத்துத் தப்பியவர் எங்கள் தெருவில் யாருமில்லை. தங்கமான மனுஷிதான், ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அப்பப்பா!

ஆரணி ரோடு ஸ்டேஷனில் ரயில் நிற்கத் தொடங்கிய பிறகு, அங்கே ஓடும் ஜட்கா வண்டிகளுக்கெல்லாம் எங்கள் நெசவாளர் தெரு குறுக்கு வழியாகிவிட்டது. நாங்கள் பாவு நீட்டுவதே தெருவில்தானே! நெய்யப்போகும் பட்டிழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, காலை வெயிலில் காயவைப்போம். இழைகள் ஒட்டிக்கொள்ளாமல் கையால் நீவிக்கொண்டே இருக்க வேண்டும். நடந்து வருகிறவர்கள் ஓரமாகப் போவார்கள், இல்லாவிட்டால் குனிந்து பாவுக்கு அடியில் நுழைவார்கள். குதிரைக்கு இதெல்லாம் தெரியுமா?

ஒருநாள் பலராமனின் ஜட்கா ரேணுகாம்பாள் வீட்டுப் பாவை அறுத்துக்கொண்டு போனது. மறுநாள் காலை அவள் தெருமுனையில் உரலை உருட்டிப் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாம்மா பேஜார் பண்றே? ரயிலு போயிடும், ஜல்தி எழுந்திரு!" என்று பலராமன் கத்தினான்.

"ரயிலு போனா நாளைக்கி வரும். அறுந்த இழைக்கெல்லாம் நீயா வந்து முடி போடுவே? உள்ளே குந்திகினு கீறவங்கள எறங்கி நடக்கச் சொல்லு. காலு இன்னா தேஞ்சா பூடும்?"

வண்டியிலிருந்த பெரிய மனிதர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி நடந்தார். அன்றிலிருந்து உரல் அங்கேயே கிடந்தது. வண்டிகள் சுற்றிப் போயின. குழந்தைகள் பயமில்லாமல் ஓடின. மோர்க்காரி நடுத்தெருவில் கூடையை இறக்கி ஊர்க்கதை பேசினாள். பலராமன்கூட முனையில் வண்டியை நிறுத்திவிட்டு எங்களோடு அரட்டைக்கு வந்துவிடுவான். ரேணுகாம்பாள் அவனுக்குக் கூழும் ஊற்றுவாள், திட்டும் கொடுப்பாள்.

வம்பு வந்தது அவள் மகள் ராஜம்மாளின் கல்யாணத்தில். மாப்பிள்ளை பழனி சேவூர்க்காரன், அவனும் தறிக்காரன்தான். பலராமனின் வண்டியில்தான் மாலையும் கழுத்துமாக வந்தான். உரலுக்கு முன்னால் வண்டி நின்றதும் அவன் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மாப்பிள்ளைய பொண்ணு வூட்டு வாசல்லதான் எறக்கணும். நடக்க வச்சிக் கூட்டிகினு போவ நாங்க இன்னா கூலிக்கா வந்தோம்? உரலை எடுங்க. இல்லேன்னா வண்டியத் திருப்பு!"

நடுத்தெருவில் பக்கத்து வீட்டு அய்யாக்கண்ணுவின் பாவு, கஞ்சி சொட்டச் சொட்ட நீண்டிருந்தது. பல நாள் மூடிக் கிடந்த வானம் அன்றுதான் வெளுத்திருந்தது. "நீ பாவைப் போடுப்பா, கல்யாணம் அது பாட்டுக்கு நடக்கும்" என்று ரேணுகாம்பாளேதான் சொல்லியிருந்தாள்.

"சுருட்டிடறேன்க்கா" என்றான் அய்யாக்கண்ணு. ஈரப் பாவைச் சுருட்டினால் அத்தனையும் பாழ். ரேணுகாம்பாள் அவனைப் பார்த்தாள், சம்பந்தியைப் பார்த்தாள். போய் உரலை உருட்டக் கை வைத்தாள்.

இந்தக் கூத்தைப் பார்க்க, பாவை நீவிக்கொண்டிருந்தவர்களும் கைவேலையை விட்டுவிட்டு முனைக்கு வந்துவிட்டார்கள். வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது.

"யோவ், பாவு காயுதுய்யா! ஒட்டிக்கப் போவுது!"

கத்தியவன் மாப்பிள்ளை. மாலையைக் கழற்றி அப்பா கையில் திணித்துவிட்டு வண்டியிலிருந்து குதித்தான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் இழைகளை நீவ ஆரம்பித்தான். வெட்கம் பிடுங்கித் தின்ன, நாங்களும் ஓடினோம்.

"டேய் பழனி!"

"தோ ஆச்சிப்பா, இரு!"

இழைகள் பிரிந்த பிறகுதான் அவன் நிமிர்ந்தான். கஞ்சி வழியும் கையோடு பெண் வீட்டு வாசலில் போய் நின்றான். அப்பாவும் மாலையும் பின்னாலேயே நடந்து வந்தார்கள்.

"நடந்தே வந்துட்டேன் அத்தே, தப்பா நெனைக்காதீங்க" என்றான்.

ரேணுகாம்பாள் அந்தக் கஞ்சிக் கைகளை அப்படியே பிடித்துக்கொண்டு, தெருவே பார்க்க அழுதாள்.