காமினி மண்ணைத் தொட்ட கதை

கெலாங்காங் பூலான் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பினாங்கில் இன்று பள்ளிக்கூடம் போகிற எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். மலாயில் நிலா அரங்கம் என்று பொருள். வற்றிப்போன ஏரியின் நடுவில் வட்டமான ஒரு கல்மேடை. அந்த உலகத்தில் நாடுகள் ஏழு, நிலா ஒன்றுதான். அதுவும் ஏதாவது ஒரு நாட்டின் வானத்தில்தான் நிற்கும். ஏழு நாடுகளிலிருந்தும் நாட்டுக்கு ஒரு வீரர் வந்து அந்த மேடையில் மோத வேண்டும். ஜெயித்தவரின் நாட்டுக்கு நிலா போகும். மற்ற ஆறு நாடுகளும் அடுத்த போட்டி வரை இருட்டில் கிடக்க வேண்டியதுதான். கைப்பேசியில் ஆடுகிற விளையாட்டுதான் இது. ஆனாலும் அந்த நிலா கைவிட்டுப் போனதற்காகத் தேம்பி அழுத பிள்ளைகள் உண்டு, வேலைக்கு மட்டம் போட்ட அப்பாமார்களும் உண்டு.

அந்த அரங்கத்தில் கம்போடு இறங்குகிறவள் வேலாரா. இது எந்த மொழிப் பெயர் என்று வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். சதுப்புநில நாட்டுக்காரி, நீலத் தோல், இடுப்புக்குக் கீழே தொங்குகிற சடை. தோலும் சடையும் கம்ப்யூட்டர் செய்து கொடுத்தது. அசைவு மட்டும் காமினியுடையது. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில், சர்க்யூட் போர்டுகளைப் பெரிய கண்ணாடிக்கு அடியில் வைத்துக் குறை தேடுகிற அதே காமினி.

விளையாட்டில் அவள் பெயரை எங்கும் போடவில்லை. அதற்கெல்லாம் அவள் வருத்தப்படுகிறவள் இல்லை. அவள் வயிறு எரிந்தது வேறு ஒன்றுக்கு.

காமினி நிபோங் திபாலில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். சின்ன வயதில் கோயில் திடலில் சிலம்பக் கம்பைப் பிடித்தாள். இருபது வயதில் மாநிலத்துக்காக ஆடித் தங்கம் வாங்கினாள். கல்யாணம் ஆனதும் கம்பு கதவுக்குப் பின்னால் போய்விடும் என்று ஊரே எதிர்பார்த்தது. போகவில்லை. புருஷன் சந்திரசேகரன் லோரி ஓட்டுகிறவர், தங்கமான மனுஷன். "ஞாயித்துக்கெழம மட்டும் நம்ம வீட்டுல பசியாற லேட்டாகும்லா," என்று சொந்தக்காரர்களிடம் சிரித்தபடி சொல்வார். ஞாயிறு காலை காமினி திடலில் இருப்பாள். நாற்பது தாண்டியும் அவள் கம்பு காற்றைக் கிழிக்கிற சத்தம் சாலைவரை கேட்கும். அக்கம்பக்கத்துப் பெண்களும் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

கம்பைத் தூக்குவதற்கு முன்னால் ஒன்று செய்தாக வேண்டும். குனிந்து, வலக்கையால் மண்ணைத் தொட்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர வேண்டும். கால் வைக்க இடம் கொடுத்த மண்ணுக்கும் எதிரே நிற்கிற ஆளுக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. அதைச் செய்யாமல் காமினி ஒருநாளும் ஆடியதில்லை. சிமெண்டுத் தரையில் ஆடினாலும் குனிந்து தொட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பாள்.

கடலுக்கு அந்தப் பக்கம் தீவில், சூலியா தெருவில், பணம் மாற்றுகிற கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த விளையாட்டுக் கம்பெனி. கம்பு ஆடத் தெரிந்த பெண் வேண்டும் என்று தேடி, யாரோ சொல்லி, காமினியைக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் வேலை. உடம்போடு ஒட்டின கறுப்பு உடை, அதில் முழங்கை, முழங்கால், இடுப்பு என்று மூட்டுக்கு மூட்டு கோலிக்குண்டு அளவில் வெள்ளை உருண்டைகள். சுற்றிலும் கேமரா. அவள் அசைய அசைய, திரையில் ஓர் எலும்புக்கூடு அப்படியே அசைந்தது. கேமராக்களைப் பார்த்துக்கொண்டவன் ஹஸ்ருல். எந்த அசைவு வேண்டும் என்று சொன்னவன் ராம்நாத். செட்டிநாட்டுப் பூர்வீகம், பிறந்து வளர்ந்ததெல்லாம் ஜார்ஜ் டவுன், படிப்பு ஆஸ்திரேலியா. மரியாதையான பிள்ளை, அதில் குறை சொல்ல முடியாது.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அக்கா, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். தோத்துப்போன மாதிரி ஒரு ஆக்‌ஷன் வேணும். முட்டி போடுங்க, இல்ல கம்பைக் கீழ வைங்க, எதுனாலும் ஓக்கே."

காமினி கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். "தோக்கிறதுக்கு எங்க வாத்தியாரு ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலயே தம்பி."

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். ராம்நாத்தும் சிரித்துவிட்டு, அதோடு விட்டுவிட்டான். இந்தப் பதிலைக் காமினி வீட்டில் சொன்னாள், ஃபேக்டரி பஸ்ஸில் சொன்னாள், கேண்டீனில் இரண்டு முறை சொன்னாள். சும்மா ஒரு முட்டியைப் போட்டுத் தொலைத்திருந்தால் போயிருக்கும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அப்போது அவளுக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் விளையாட்டு வெளிவந்தது. பதினாறு வயது மகள் ஷர்மினி கைப்பேசியைக் கொண்டுவந்து அடுப்படியில் நீட்டினாள்.

"ம்மா, இங்க பாரு. ப்ளூ கலரா இருந்தாலும் உன் நடைதான்."

காமினி கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஆமாம், அவளேதான். பழைய அடி பட்டதில் இடது கால் கொஞ்சம் தள்ளி விழுமே, அதுகூட விழுந்தது. நெஞ்சு விம்மியது. ஏழு நாடுகளும் பார்த்து நிற்க, தன் உடம்பு ஒரு நிலாவுக்காகச் சண்டை போடுகிறது என்றால் யாருக்குத்தான் பூரிக்காது.

அந்த ஆட்டத்தில் வேலாரா தோற்றாள். தோற்றவள் குனிந்தாள், வலக்கையால் மண்ணைத் தொட்டாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தொம்மென்று ஒரு முரசு. திரை முழுக்கத் 'துண்டுக்' என்று எழுத்து விழுந்தது. பணிந்தாயிற்று என்பதற்கு மலாய்ச் சொல். சதுப்புநிலத்தின் மேல் நின்ற நிலா நகர்ந்துபோய் எல்லாம் இருட்டானது.

"இது என்னாடி?" என்றாள் காமினி.

"தோத்தா துண்டுக் பண்ணணும்மா. எல்லா கேரக்டரும் இப்படித்தான் பண்ணும்."

அவளுடைய கும்பிடை எடுத்து ஏழு பேருக்கும் மாட்டி வைத்திருந்தார்கள், தோற்கும்போது செய்வதற்கு.

அதற்குப் பிறகு அந்தச் சொல் கொசு மாதிரி எங்கும் பரவியது. பந்து விளையாட்டில் தோற்றவனைச் சுற்றி நின்று, "துண்டுக் பண்ணுடா," என்றார்கள். மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றும்வரை விடவில்லை. சட்டையில் அந்தக் குனிந்த உருவத்தை அச்சடித்து விற்றார்கள். ஞாயிற்றுக்கிழமைத் திடலிலும் பிள்ளைகள் குனியும்போது களுக்கென்று சிரிக்கத் தொடங்கினார்கள். பிறகு குனிவதைப் பாதியாக்கினார்கள். ஒருத்தி குனியவே இல்லை.

"நான் இன்னும் தோக்கவே இல்லயே," என்றாள்.

கூட ஆடுகிற நல்லம்மாளும், "விடு காமினி, பிள்ளைங்கதானே, வெளையாட்டுக்குப் பண்ணுதுங்க," என்று சமாதானம் சொன்னாள். விளையாட்டுதான். அந்த விளையாட்டைத்தான் காமினியால் தாங்க முடியவில்லை. கம்பு போட்டால் எத்தனை பேர் வந்தாலும் தாங்கிவிடுவாள். இதை எந்தக் கம்பால் தடுப்பது?

லீவு போட்டுவிட்டு ஃபெரி பிடித்துச் சூலியா தெருவுக்குப் போனாள். ராம்நாத் நாற்காலி இழுத்துப் போட்டான், தேத்தண்ணி வாங்கி வரச் சொன்னான். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகம் சிறுத்துப்போனது.

"நீங்க தோக்கிற ஆக்‌ஷன் பண்ணித் தரலைல அக்கா. பாஸ் ஒரே அவசரம். ஒவ்வொரு தடவையும் ஆடறதுக்கு முன்னாடி நீங்க கீழ தொட்டது ரெக்கார்ட் ஆகியிருந்துச்சு. தோத்தா மண்ணைக் கவ்வினான்னு தமிழ்ல சொல்வோம்ல? மண்ணுன்னா தோல்விதான்னு நெனச்சுட்டேன். பாஸ்கிட்டயும் அப்படித்தான் எக்ஸ்ப்ளேன் பண்ணினேன்."

காமினிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கவ்வுகிறது வாய், தொடுகிறது கை. ஒரு சீனரோ மலாய்க்காரரோ அந்த நாற்காலியில் இருந்திருந்தால், "காக், இது என்ன?" என்று அக்கா முறை வைத்து அவளிடமே ஒரு வார்த்தை கேட்டிருப்பார். இவனுக்குத் தமிழ் தெரியும், அதனால் கேட்கவில்லை. அரைகுறைத் தமிழ் செய்த வேலையை வேற்று மொழிக்காரன் எவனாலும் செய்திருக்க முடியாது.

"மாத்திடுங்க தம்பி."

"முடியாதுக்கா. இப்ப அதுதான் கேமுக்கே அடையாளம். பாஸ் ஒத்துக்க மாட்டாரு." நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டான். "ஒண்ணு பண்ணலாம். அடுத்த மாசம் இங்கதான் ஃபைனல். பெரிய ஹால், அம்புட்டுக் கூட்டம் வரும். நீங்க மேடையில ஏறி ஆடுங்க. இது என்னான்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க."

அவன் மனதாரத்தான் சொன்னான். காமினியும் மனதார நம்பினாள். தன் கும்பிடைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், அந்த ஒன்று போதும் என்று இருந்தது அவளுக்கு. இது பணிவது இல்லை, மரியாதை என்று மலாயில் ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தாள். போர்டுகளைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளிக்கொண்டே அதை முணுமுணுத்தாள். பக்கத்து மேசை சுஹானா உச்சரிப்பைத் திருத்திக் கொடுத்தாள்.

அன்றைக்கு மேடையைக் கல்மேடை மாதிரியே வட்டமாகக் கட்டியிருந்தார்கள். மேலே ஒரு காகித நிலா தொங்கியது. ஏழு நாட்டு உடைகளைப் போட்டுக்கொண்டு வந்த கூட்டத்தில் நீலம் பூசிய முகங்களுக்குக் குறைவில்லை. அறிவிப்பாளர் ஷாஹிரா, "இவங்கதான் உண்மையான வேலாரா," என்று மலாயில் சொன்னதும் கூரை அதிர்ந்தது. மூன்றாம் வரிசையில் சந்திரசேகரனும் ஷர்மினியும் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் மைக்கைக் கையில் கொடுப்பார்கள், பேசிவிட்டு ஆடலாம் என்றுதான் காமினி நினைத்திருந்தாள். கொடுக்கவில்லை. இசையைப் போட்டுவிட்டார்கள். காலுக்குக் கீழே மேடை, கையில் கம்பு. முப்பது வருஷப் பழக்கம் அவளைக் கேட்டுக்கொண்டா நடக்கும்? குனிந்தாள், தொட்டாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தொம்மென்று முரசு விழுந்தது. திரையை இயக்குகிற பொத்தான்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எவனோ ஒருவனுக்கு நகைச்சுவை உணர்ச்சி. அவளுக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில் அந்த எழுத்து வந்தது. மண்டபம் ஒரே குரலில், "துண்டுக், துண்டுக்," என்று கத்தியது. ஷாஹிரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அலாமாக், ஆட ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள தோத்துட்டாங்க," என்று மைக்கில் மலாயில் சொன்னாள்.

காமினி நிமிர்ந்து நின்று தன் வாக்கியத்தைச் சொன்னாள். உச்சரிப்புப் பிசகாமல்தான் சொன்னாள். முன்வரிசையில் இருந்தவர்கள் அவள் உதடு அசைந்ததைப் பார்த்திருப்பார்கள். இன்னொரு முறை சொன்னாள். பிறகு, நின்றால் கேலி கூடும் என்று கம்பைச் சுழற்றத் தொடங்கினாள். அன்று அவள் ஆடியதுபோல் என்றுமே ஆடியதில்லை. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தொடக்கத்தில் நடந்ததையும் ஏற்பாடு செய்த வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பி வருகிற வழியில் சந்திரசேகரன் கார் ஓட்டிக்கொண்டே சொன்னார். "ஆளுங்க நல்லா சிரிச்சாங்க லா. அந்த மொத சீனு செம ஐடியா. உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"ப்பா, சும்மா இரு," என்றாள் பின்னால் இருந்து ஷர்மினி. அவளும் கூட்டத்தோடு சேர்ந்து கத்தியவள்தான். காமினி பினாங்குப் பாலம் முடிகிறவரை கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமைக்குள் அந்த வீடியோ எல்லார் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. தொழிற்சாலை வாசலில் காவலாளி அவளைக் கண்டதும் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பல்லைக் காட்டினான். பாவம், அவன் அன்பாகத்தான் செய்தான். கேண்டீனில் வரிசையில் நின்றவர்களும் செய்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் திடலுக்குப் போனாள். மற்றவர்கள் வர இன்னும் நேரம் இருந்தது. மழை பெய்து ஓய்ந்த மண், காலுக்கு இதமாக இருந்தது. கம்பை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு குனிந்தாள். கை பாதி தூரம் போனது. யாராவது பார்க்கிறார்களா என்று தலையைத் தூக்கிப் பார்த்தாள். கோயில் கதவுகூடத் திறக்கவில்லை. சாலையில் ஆளில்லை.

அப்படியும் கை கீழே இறங்கவில்லை. காமினி நிமிர்ந்து, மண்ணைத் தொடாமலே கம்பைச் சுழற்றத் தொடங்கினாள்.