சாவடியில் நான் கொடுத்த சாரம்

குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் அப்பா என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவர் இறந்து வந்த முதல் ஆடி அமாவாசைக்கு, அவர் வேலைக்கு இடுப்பில் கட்டிப்போகும், எண்ணெய் ஊறிய சாரத்தைத் தாமிரபரணியில் விட வேண்டும் என்றாள் அம்மா. செத்தவர் துணி ஆற்றோடு போனால்தான் அவரும் நிம்மதியாகப் போவார் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை.

"இங்கனயே சித்தாத்துல விட்டா என்னம்மா?"

"சாவுற வரைக்கும் குத்தாலத்துலயே கெடந்த மனுசன்லா. பெரிய ஆத்தோட போவட்டும்லே."

தென்காசியிலிருந்து பஸ் மாறி, மலைக்குள் தாமிரபரணிக் கரையில் இருக்கும் அய்யனார் கோயிலுக்குப் புறப்பட்டோம். அது புலிகள் காப்பகம்; ஆற்றில் துணி விடத் தடை. சோதனைச் சாவடியில் வனக்காவலர் பஸ்ஸில் ஏறிப் பைகளைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆத்துல விட துணி ஏதும் வச்சிருக்கியளா?"

"இல்லய்யா, மாத்துத் துணிதான்" என்றாள் அம்மா.

அவர் நகர்ந்துவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். கல்லூரியிலிருந்து அதே ஆற்றில் துணி அள்ளப் போயிருக்கிறேன். சேலையில் சிக்கிச் செத்த மீன்களை எடுத்துப் போட்டிருக்கிறேன். "அண்ணாச்சி, இதுல ஒரு சாரம் இருக்கு" என்று நானே உருவிக் கொடுத்தேன்.

"படிச்ச பிள்ளைன்னா இப்படில்லா இருக்கணும்" என்றபடி அவர் அதை வெளியே கிடந்த துணிக்குவியலில் எறிந்தார். அந்த நேரம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆற்றில் அம்மா வெறுங்கையோடு மூன்று முறை முங்கினாள். மருதமர வேர்களில் யார் யாருடைய வேட்டிகளோ சுற்றிக் கிடந்தன.

"எல்லாரும் எப்படியோ கொண்டாந்துருக்காவ. ஒங்கப்பா துணி மட்டும் குப்பையிலயா கெடக்கணும்?"

மீனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா கரையேறி நடந்தாள்.

திரும்பும்போது சாவடியில் பஸ் நின்றதும் குதித்து இறங்கினேன். காலையில் பார்த்ததைவிடக் குவியல் இரண்டு மடங்காகியிருந்தது. சாரம் சாரமாக எடுத்து, எண்ணெய் வாடை வருகிறதா என்று மோந்து பார்த்தேன். எல்லாம் ஈர வாடைதான் அடித்தது.

டிரைவர் ஹாரன் அடித்தார். "ஏ தம்பி, வருதியா, இல்ல ஆனைக்குத் தொணையா இங்கனயே கெடக்கப் போறியா?"

வெறுங்கையோடு ஏறினேன். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: "பிள்ள என்னத்தத் தேடுதான்?"

"செருப்பத் தொலச்சிட்டான்" என்றாள் அம்மா.

செருப்பு என் காலில்தான் இருந்தது. கேட்டவளும் அதைப் பார்த்தாள்.